நதிக்கரை நகரங்கள் – 17: பான்ஷேத் உடைந்த காலை

ஜூலையில் சஹ்யாத்ரி மலைப்பக்கம் மூன்று நான்கு நாள் விடாமல் மழை கொட்டினால் புனே நகரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழும்: பிடே பாலம் மூழ்கிவிட்டதா? டெக்கான் பகுதியையும் நாராயண் பேட்டையையும் இணைத்தபடி, முட்டா நதியின் படுகையோடு ஒட்டிக் கிடக்கும் தாழ்வான பாலம் அது. ஊருக்குத் தென்மேற்கே இருக்கும் கடக்வாஸ்லா அணையில் தண்ணீரைக் கூடுதலாகத் திறந்துவிட்டால், சில மணி நேரத்தில் பாலம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். போலீஸார் தடுப்பு வைப்பார்கள். ஜனங்கள் பக்கத்து உயரமான பாலங்களில் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

அந்தக் கூட்டத்தில் எழுபதைத் தாண்டிய ஒருவர் இருந்துவிட்டால் பேச்சு 1961-க்குப் போகாமல் இருக்காது. பான்ஷேத் அணை உடைந்து வந்த தண்ணீர் எந்த மாடி வரை ஏறியது, எந்தக் கோயில் முழுகியது என்று கையை உயர்த்திக் காட்டுவார். புனேக்காரர்கள் தங்கள் ஊரின் காலத்தை பான்ஷேத்துக்கு முன், பான்ஷேத்துக்குப் பின் என்றுதான் பிரிக்கிறார்கள். அந்த நாளும் அதற்கு முன்னும் பின்னும் நடந்தவையும்தான் இந்த அத்தியாயம்.

சென்ற அத்தியாயத்தில் பேஷ்வாக்கள் காலத்துப் புனேயைப் பார்த்தோம். முட்டாவின் வலக்கரையில், கஸ்பா பேட்டை என்று இன்று சொல்லப்படும் மேட்டில் தொடங்கிய சிற்றூர் அது. எட்டாம் நூற்றாண்டு ராஷ்டிரகூடர் செப்பேடுகளிலேயே அந்த வட்டாரத்தின் பெயர் வந்துவிடுகிறது. பின்னாளில் ஷாஜி போஸ்லேயின் ஜாகீரானது. அவருடைய ஒரு மகன் சிவாஜி இந்தக் கரையில் வளர்ந்தார். இன்னொரு மகன் ஏகோஜி காவிரிக் கரைக்கு வந்து தஞ்சையில் அரசு அமைத்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் சனிவார் வாடா எழுந்ததும் சிற்றூர் தலைநகரானது.

அப்போது நடந்த ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போவோம். வாசலிலேயே நதி ஓடியும், நானாசாகிப் பேஷ்வா குடிநீருக்கு அதை நம்பவில்லை. தெற்கே காத்ரஜ் மலையடிவாரத்தில் ஏரிகள் வெட்டி, மண்ணுக்கடியில் கல்லால் கட்டிய கால்வாய் வழியாகத் தண்ணீரை நகருக்குக் கொண்டுவந்தார். தெருத்தெருவாகத் தொட்டிகள் நிரம்பின. நதி குளிப்பதற்கும், துவைப்பதற்கும், ஓங்காரேஸ்வரர் கோயில் பக்கம் ஈமக்கடன் முடிப்பதற்கும் இருந்தது. நதியை நதியாக ஓடவிட்டு, அதன் கரையில் மரியாதையான தூரத்தில் ஊர் வாழ்ந்த காலம் அது. ஆம்பில் ஓடையைத் திசைதிருப்பிப் பர்வதி மலையடியில் ஏரியாக்கியதும் அதே பேஷ்வாதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஓடை பின்னாளில் எப்படிக் கணக்குத் தீர்த்தது என்பது பிறகு வரும்.

1817 நவம்பர் 5 அன்று கட்கிப் போர். முளாவும் முட்டாவும் கூடும் சங்கமத்தில் இருந்த ஆங்கிலேய ரெசிடென்ட்டின் மாளிகையை மராத்தியப் படை கொளுத்தியது. அடுத்த சில நாட்களில் பேஷ்வா ஊரைவிட்டுப் போனார். புனே கம்பெனியின் கைக்கு வந்தது. பட்டாளம் வந்தது, பட்டாளத்துக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. 1850-ல் பார்சி வணிகர் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாயின் கொடையில் முளா–முட்டாவின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினார்கள். இன்று பண்ட் கார்டன் என்று அழைக்கப்படும் இடம் அதுதான். காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த எரவாடா சிறையும், கஸ்தூரிபா கண்மூடிய ஆகா கான் மாளிகையும் அதற்கு எதிர்க்கரைப் பக்கம் இருக்கின்றன.

அந்தத் தடுப்பணை போதவில்லை. 1860-களில் ராணுவப் பொறியாளர் ஃபைஃப், முட்டாவின் மேல்பகுதியில் கடக்வாஸ்லா கிராமத்தருகே பெரிய கல் அணை ஒன்றுக்குத் திட்டம் தந்தார். 1869-ல் வேலை தொடங்கி பத்தாண்டுகளில் முடிந்தது. இடையில் தக்காணப் பஞ்சம் வந்து போனது. நமது தாது வருஷப் பஞ்சத்தின் வடக்கு முகம் அது. ஏரிக்கு ஃபைஃப் ஏரி என்றே பெயர் வைத்தார்கள். அணையிலிருந்து வலக்கரைக் கால்வாய் புறப்பட்டு, நகரத்தின் தெற்கு ஓரமாகவே சுற்றிக்கொண்டு ஹடப்சர் பக்கம் போய்க் கரும்பு வயல்களில் இறங்கியது. நகருக்குக் குழாய்த் தண்ணீர், பட்டாளத்துக்குத் தண்ணீர், கிழக்கே பாசனம். மூன்றும் ஒரே சுவரை நம்பி நின்றன.

இந்த அணைக்கும் நமக்கும் ஒரு தொடுப்பு உண்டு. சங்கமத்துக்குப் பக்கத்தில் நதியைப் பார்த்தபடி இருக்கும் புனே பொறியியல் கல்லூரியில் 1883-ல் முதல் மாணவராகத் தேறியவர், மைசூர்ப் பக்கத்திலிருந்து போன எம். விஸ்வேஸ்வரய்யா. பம்பாய் பொதுப்பணித் துறையில் சேர்ந்த அவரிடம் ஃபைஃப் ஏரியின் பிரச்சினை வந்தது: தண்ணீர் போதவில்லை, அணையை உயர்த்தினால் பழைய சுவர் தாங்குமா என்ற பயம். அவர் சுவரைத் தொடவில்லை. உபரிநீர் வழிந்தோடும் கலிங்கின் மேல் தானியங்கிக் கதவுகளைப் பொருத்தினார். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தை எட்டும்வரை கதவுகள் மூடியிருந்து கூடுதலாகச் சுமார் எட்டு அடி நீரைத் தேக்கும். அதைத் தாண்டினால் ஆள் கை படாமலே திறக்கும். வெள்ளம் வடிந்ததும் தாமாக மூடிக்கொள்ளும். 1903-ல் அவை வேலை செய்யத் தொடங்கின. பிற்பாடு குவாலியரில் திக்ரா அணைக்கும், காவிரியில் கிருஷ்ணராஜ சாகருக்கும் அதே முறை போனது. காவிரித் தண்ணீரைப் பற்றி நாம் பேசும்போதெல்லாம் வரும் அந்த அணையின் கதவுகளுக்கு ஒத்திகை முட்டாவில் நடந்தது.

அந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது கதவின் சாமர்த்தியம் அல்ல. பழைய சுவர் எவ்வளவு தாங்கும் என்ற கேள்வியை முதலில் கேட்டுவிட்டு, பிறகு கை வைத்த பொறுமைதான். அறுபது ஆண்டுக்குள் அதே நதியில் அந்தப் பொறுமை இல்லாமல் போயிற்று.

அதற்கு முன் முளா நதியின் கதையையும் ஓரிரு வரியில் சொல்லிவிடுகிறேன். தனி அத்தியாயமே எழுதலாம். முளாவின் தலைப்பகுதியில் முள்ஷி பள்ளத்தாக்கு நல்ல நெல் விளையும் மண். டாடா நிறுவனம் அங்கே அணை கட்டி, மலைக்கு மேற்கே பீராவில் தண்ணீரைக் குப்புறத் தள்ளி மின்சாரம் எடுத்து பம்பாய்க்கு அனுப்பத் திட்டமிட்டது. நிலம் மூழ்கப்போகும் மாவளர்கள் என்ற அந்தப் பள்ளத்தாக்கு மக்கள் 1921-ல் ராமநவமியன்று சத்தியாக்கிரகத்தில் உட்கார்ந்தார்கள். பாண்டுரங்க் மகாதேவ் பாபட் தலைமை தாங்கிப் பலமுறை சிறை சென்றார். 'சேனாபதி' என்ற பட்டம் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது அந்தப் போராட்டத்தில்தான். மூன்றாண்டு போராடியும் அணை வேலை நிற்கவில்லை. பீமா வழியாகக் கிருஷ்ணாவில் சேர்ந்து வங்கக்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் அன்றுமுதல் அரபிக்கடலுக்குப் போகிறது. நதி யாருக்கு என்று முடிவெடுப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர். புனேயின் நதிகளில் இது திரும்பத் திரும்ப நடப்பதை இனி பார்க்கலாம்.

நாடு விடுதலையானதும் புனே வீங்கத் தொடங்கியது. 1950-ல் மாநகராட்சி. பிரிவினையில் வந்தவர்கள், ஆயுதத் தொழிற்சாலை, பிம்ப்ரியில் பென்சிலின் தொழிற்சாலை என்று ஜனம் பெருகி, 1961-ல் நகரத்தில் மட்டும் ஆறு லட்சம் பேர். கடக்வாஸ்லா ஏரி போதாது. அதற்கு மேலே, முட்டாவில் சேரும் ஆம்பி என்ற சிற்றாற்றில் பான்ஷேத் என்ற இடத்தில் பெரிய மண் அணை ஒன்றை 1950-களின் பிற்பகுதியில் தொடங்கினார்கள். கொள்ளளவைச் சொன்னால் விபரீதம் விளங்கும். இன்றைய கணக்கில் கடக்வாஸ்லா கொள்வது 2 டி.எம்.சி.க்கும் கொஞ்சம் குறைவு. பான்ஷேத் கொள்வது 10.65 டி.எம்.சி. பெரிய ஏரி மேலே, சின்ன ஏரி கீழே, அதற்கும் கீழே ஊர்.

அணை 1962-ல் முடிவதாக இருந்தது. ஆனால் 1961 பருவமழையிலேயே தண்ணீர் தேக்கிவிட வேண்டும் என்று வேலை முடுக்கப்பட்டது. மண் அணை நல்ல அணைதான். வைகை அணையின் பெரும்பகுதி மண்தான். அதற்கு இரண்டு நிபந்தனைகள். உள்ளே தண்ணீர் ஊடுருவி மண்ணை அரிக்கக்கூடாது, மேலே ஏறி வழியக்கூடாது. இரண்டில் ஒன்று நடந்தால் மண் கரைந்துவிடும். பான்ஷேத்தில் அணையின் வயிற்றுக்கு அடியில், தண்ணீரை வெளியேற்றும் ஒரு குகைவழி போட்டிருந்தார்கள். மேலிருக்கும் மண்ணின் பாரத்தைச் சுமக்கும் அந்தக் குகைவழியில் கம்பி கட்டிய கான்கிரீட் இருந்திருக்க வேண்டும். கம்பியில்லாத வெறும் கான்கிரீட் கட்டிகள் இருந்தன. அதன் வாயில் இருந்த கதவுகளும் முழுதாக வேலை செய்யும் நிலைக்கு வரவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது நிலைமை இதுதான்.

ஜூலை முதல் வாரங்களில் மலையில் பேய்மழை. ஏரி நினைத்ததைவிட வேகமாக நிறைந்தது. அரைகுறையாகத் திறந்த கதவின் அடியில் பீறிட்ட தண்ணீர் குகைவழிக்குள் ஒரு சமயம் நிரம்பி, ஒரு சமயம் காற்றோடு கலந்து, மாறி மாறி மோதியது. தண்ணீர்க் குழாயை டக்கென்று மூடினால் சுவருக்குள் குழாய் அதிருமே, அந்த அதிர்ச்சி மலையளவில் இரவும் பகலும் நடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். குகைவழியின் இணைப்புகள் விட்டன. அதன் மேலிருந்த மண் உள்ளே இழுபட, அணையின் தலை அந்த இடத்தில் உட்காரத் தொடங்கியது. அணை தாழ்ந்துகொண்டே போக, ஏரி உயர்ந்துகொண்டே வந்தது.

ஜூலை 11 இரவு ராணுவ வீரர்கள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். கொட்டும் மழையில், இருட்டில், உட்கார்ந்துகொண்டிருக்கும் அணையின் மேல் நின்று மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். தங்கள் காலடி மண்ணே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தே அந்த வேலையைச் செய்தார்கள். அணையைக் காப்பாற்ற அவர்களால் முடியவில்லை, யாராலும் முடிந்திருக்காது. ஆனால் நள்ளிரவில் உடைய வேண்டியதை விடியும்வரை இழுத்துப் பிடித்தார்கள். உறக்கத்தில் இருக்கும் ஊர் மீது அந்தத் தண்ணீர் வந்திருந்தால் கணக்கு வேறாகியிருக்கும். புனேயின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பெயர் தெரியாத ஜவான்களின் கைகளால் பிழைத்தவை. ஊர் இன்றுவரை அதை நன்றியோடு சொல்கிறது.

1961 ஜூலை 12, புதன்கிழமை. காலை ஏழு மணி வாக்கில் பான்ஷேத் உடைந்தது.

பள்ளத்தாக்கில் இறங்கிய தண்ணீர் முதலில் கடக்வாஸ்லா ஏரியில் வந்து விழுந்தது. விஸ்வேஸ்வரய்யாவின் கதவுகள் ஒரு நதியின் வெள்ளத்துக்காகச் செய்தவை. இன்னொரு அணையையே விழுங்குவதற்கு அல்ல. எண்பதாண்டுப் பழைய கல் சுவரின் தலைக்கு மேல் தண்ணீர் ஏறி வழிந்தது. அப்படியும் அது சில மணி நேரம் நின்றது. பிறகு அதே பகலில் அதுவும் உடைந்தது. நாட்டின் முதன்மையான நீரியல் ஆய்வுக்கூடமான மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையம் அந்த அணைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. அணைகளின் மாதிரிகளை வைத்துத் தண்ணீரின் நடத்தையை ஆராய்கிற இடம் அது. அறிவு ஊரில் இல்லாமல் இல்லை. அவசரம் அதைக் கேட்கவில்லை.

நகருக்குள் தண்ணீர் காலையிலேயே வந்துவிட்டது. பலருக்கு முதல் எச்சரிக்கையே தெருவில் ஏறிய தண்ணீர்தான் என்று பிழைத்தவர்கள் சொல்வார்கள். முட்டாவின் பாலங்கள் ஒவ்வொன்றாக மூழ்கின. பானிபட் தோல்விக்குப் பின் மரத்தில் கட்டி, பிறகு கல்லாக மாறிய லக்டி பூல் கண்ணுக்குத் தெரியவில்லை. வலக்கரையில் நாராயண் பேட்டை, சனிவார் பேட்டை, கஸ்பா பேட்டை. இடக்கரையில் டெக்கான் ஜிம்கானா, புலாச்சி வாடி, சிவாஜி நகர். வீட்டு முதல் மாடிக்குத் தண்ணீர் வந்ததும் ஜனங்கள் கூரைக்கு ஏறினார்கள். பர்வதி மலைக்கும் மற்ற மேடுகளுக்கும் ஓடினார்கள்.

பழைய பேட்டைகளில் வீடு என்றால் வாடா. நடுவில் முற்றம், சுற்றி மரத்தூண்கள், கீழே கல், மேலே மண் சுவர். ஒரு வாடாவில் பத்துப் பதினைந்து குடித்தனங்கள் இருக்கும். சொந்தக்காரர் ஒருவர், வாடகைக்காரர்கள் பலர். நூறு நூற்றைம்பது மழைக்காலங்களைத் தாங்கிய மண் சுவர்கள்தான். மேலிருந்து விழும் மழையை அவை அறியும். கீழிருந்து ஏறி நாள் பூராவும் நின்று ஊறிய தண்ணீரை அறியா. கரைந்து உட்கார்ந்தன. தண்ணீர் வடிந்த பிறகு விழுந்த சுவர்களும் உண்டு. கஸ்பாவின் குயவர் தெருவும், ஆற்றோரக் குடிசைகளும் இருந்த இடம் தெரியவில்லை. சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. ஆற்றோரக் குடிசைகளில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று அன்று பதிவேடு வைத்திருந்தவர் யார்?

வெள்ளம் ஒரே நாளில் வடிந்தது. அதற்குப் பிறகு வந்தது இன்னொரு துன்பம். சேறு தெருக்களில் முழங்கால் உயரம். மின்சாரம் இல்லை. ஊருக்குக் குடிநீர் தந்துகொண்டிருந்த கடக்வாஸ்லா ஏரியே காலியாகிவிட்டது. அணை உடைந்து மூழ்கிய ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லை. குழாய் வந்ததும் மறந்துபோன வாடாக் கிணறுகளை மறுபடி இறைத்தார்கள்.

மகாராஷ்டிர மாநிலம் பிறந்து அப்போது ஓர் ஆண்டும் சில வாரங்களும்தான். யஷ்வந்த்ராவ் சவாண் முதல்வர். மறுவாழ்வுப் பணிக்கு அவர் அனுப்பியவர் ச. கோ. பார்வே என்ற ஐ.சி.எஸ். அதிகாரி. முன்பு புனே மாநகராட்சி ஆணையராக இருந்ததால் ஊரின் சந்துபொந்து தெரிந்தவர். சேறு அள்ளுவதிலிருந்து வீடு ஒதுக்குவதுவரை அவர் வேலை வாங்கிய விதத்தை ஊர் மறக்கவில்லை. அடுத்த ஆண்டே வேலையை விட்டுத் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், மாநில அமைச்சரானார். 1967-ல் வடகிழக்கு பம்பாயில் வி. கே. கிருஷ்ண மேனனைத் தோற்கடித்தாரே ஒரு பார்வே, அவரேதான். அந்த வெற்றிக்குப் பிறகு சில நாட்களிலேயே இறந்துபோனார்.

வீடிழந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே புதிய குடியிருப்புகள் எழுந்தன. கோகலே நகரில் அரைவட்டத் தகரக் கூரைகளும் சிறு சிறு அறைகளும். லோக்மான்ய நகர், தத்தவாடி, பர்வதிப் பக்கம் வரிசை வீடுகள். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து சஹகார் நகரில் மனை வாங்கிக் கட்டினார்கள். ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த குடித்தனங்கள் வருமானப்படி தனித்தனித் திக்குக்குப் பிரிந்தன. ஒரே முற்றத்தில் பண்டிகை கொண்டாடியவர்களின் பிள்ளைகள் ஒருவரையொருவர் அறியாமல் வளர்ந்தார்கள். அரசு அவசரத்தில் செய்த நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பழைய புனே உடைந்தது வெள்ளத்தில் பாதி, மறுவாழ்வில் பாதி. வெள்ளம் பாதித்தவர்களின் சங்கங்கள் தங்கள் நிலத்தைக் குத்தகையிலிருந்து சொந்தமாக்கக் கேட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் அரசின் கதவைத் தட்டின.

விசாரணை நடந்தது, நீதிபதி வி. ஏ. நாயக் அறிக்கை தந்தார். கடக்வாஸ்லாவை மறுபடி கட்டினார்கள். பான்ஷேத் 1972-ல் முடிந்தது. பிறகு மோசி ஆற்றில் வரஸ்காவ் அணை, முட்டாவின் தலையில் டேம்கர் அணை. நான்கும் சேர்ந்து இன்று சுமார் 29 டி.எம்.சி. தேக்குகின்றன. ஊருக்குத் தண்ணீர் பஞ்சமில்லை. நதிக்குத்தான் தண்ணீர் இல்லை. மழைக்காலம் முடிந்து மதகுகள் மூடியதும், புனேக்குள் ஓடும் முட்டாவில் இருப்பது பெரும்பாலும் ஊர் வெளியேற்றும் சாக்கடைதான். மலையிலிருந்து வந்த நல்ல தண்ணீர் குழாய்க்கும் கால்வாய்க்கும் போய்விட, வீடுகளில் பயன்பட்டு அழுக்கான தண்ணீர் ஆற்றுக்குத் திரும்புகிறது.

வறண்ட படுகை யாருக்கும் வெற்று நிலமாகத்தான் தோன்றும். கரையோரச் சாலை போட்டார்கள், வண்டி நிறுத்தினார்கள், பொருட்காட்சி நடத்தினார்கள். மாத்ரே பாலத்திலிருந்து ராஜாராம் பாலம் வரை டி.பி. சாலையில் வரிசையாகக் கல்யாண மைதானங்கள். புல்தரையும் வண்ண விளக்கும் மேடையுமாக மாசி பங்குனியில் ஜேஜே என்று இருக்கும். பெரிய மழையில் மேடை வரை ஆறு வரும். மெட்ரோ ரயிலின் தூண்கள் சுமார் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு முட்டாவின் படுகையிலேயே நிற்கின்றன.

நீர்வளத் துறையினர் இரண்டு கோடுகள் வைத்திருக்கிறார்கள். இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளம் எட்டும் இடம் நீலக்கோடு. நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் இடம் சிவப்புக்கோடு. நீலக்கோட்டுக்குள் கட்டக்கூடாது. வரைபடத்தில் இவ்வளவு தெளிவாக இருப்பது தரையில் ஏன் தெரியாமல் போகிறது? கோட்டுக்குள் வீடு வாங்கியவரிடம் அதை விற்றவர் சொல்லவில்லை, அனுமதி தந்தவரும் சொல்லவில்லை என்பதுதான் எளிய பதில். பான்ஷேத் வெள்ளம் எட்டிய இடங்களைப் பார்த்த தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவருக்கு அதைச் சொல்ல தெருவில் ஆள் இல்லை.

2018 செப்டம்பரில் முட்டாவின் வலக்கரைக் கால்வாய் தாண்டேகர் பாலத்தருகே உடைந்து குடிசைப் பகுதிக்குள் பாய்ந்தது. 2019 செப்டம்பர் 25 இரவு, பேஷ்வா திசைதிருப்பிய ஆம்பில் ஓடை, தன்னை நெருக்கிய சுவர்களையும் வீடுகளையும் தள்ளிக்கொண்டு இறங்கியது. நகரிலும் சுற்றிலும் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலை 25 அதிகாலை கடக்வாஸ்லாவிலிருந்து வினாடிக்கு 35,000 கன அடி திறக்கப்பட, சிங்ககட் சாலையில் ஏக்தா நகரியின் அடுக்குமாடிகளுக்குள் இடுப்பளவு தண்ணீர். மறுபடி ராணுவம் வந்தது. திறப்பதற்குமுன் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று அந்த ஜனங்கள் சொன்னதைக் கேட்டபோது, 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் திறந்த இரவில் அடையாற்றங்கரையில் கேட்ட குரல்கள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இப்போது நதியோரத்துக்குப் பெரிய திட்டம் ஒன்று நடக்கிறது. முளா, முட்டா, இரண்டும் சேர்ந்த முளா–முட்டா என்று மொத்தம் 44 கிலோமீட்டர். அகமதாபாத் சபர்மதிக் கரையை வடிவமைத்த நிறுவனத்தின் வரைபடம். சுமார் 4,700 கோடி ரூபாய் மதிப்பீடு. 2022 மார்ச்சில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கரைகளை உயர்த்திக் கட்டி நடைபாதை, பூங்கா அமைப்பது வேலை. வெள்ளத்தைக் கட்டுப்படுத்தவும் அது உதவும் என்பது மாநகராட்சியின் கட்சி. கரையை உள்ளே தள்ளினால் வாய்க்கால் குறுகி வெள்ளம் இன்னும் உயரும், கரையோரக் காடு போய்விடும் என்று ஜீவித் நதி போன்ற குழுக்களும் பல குடிமக்களும் எதிர்க்கிறார்கள். பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்கு போனது. பண்ட் கார்டன் பக்கம் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள். நான் அவர்கள் பக்கம். சபர்மதிக்கு மேலே இப்படி நான்கு அணைகள் நிற்கவில்லை. மலையில் ஒரு நாள் மழைக்கே மதகு திறக்க வேண்டிய நதியில், அகலத்தை விட்டுக்கொடுப்பது எனக்குப் புரியவில்லை. சாக்கடையைச் சுத்திகரிக்க ஜப்பானியக் கடனில் 2016-ல் ஒப்பந்தமான தனித்திட்டம் முதலில் முழுதாக முடிந்திருக்க வேண்டும். கரைக்கு அழகு செய்ய அதற்குப் பிறகு நேரம் இருந்தது.

புனேக்குள் நடப்பது புனேயோடு முடிவதுமில்லை. முளா–முட்டா கிழக்கே போய் ராஞ்சண்காவ் சாண்டஸ் அருகே பீமாவில் சேர்கிறது. பீமா உஜனி என்ற மாபெரும் நீர்த்தேக்கத்துக்குள் நுழைகிறது. புனேயும் பிம்ப்ரியும் விட்ட கழிவு அங்கே தங்குகிறது. சோலாப்பூர் அந்த நீரைக் குடிக்கிறது. உஜனியைத் தாண்டிய பீமா ஓரிடத்தில் பிறைபோல வளைந்து சந்திரபாகா என்று பெயர் மாறும். ஆஷாட ஏகாதசிக்குப் பல லட்சம் வார்க்கரி யாத்ரீகர்கள் கால்நடையாக வந்து அதில் முழுகுவார்கள். அவர்களில் ஒரு பெரும்பகுதி, அந்தப் பயணத்தில் புனேக்குள் தங்கி, முட்டாவின் பாலங்களைக் கடந்து வந்தவர்கள்தான். அடுத்த அத்தியாயம் பண்டரிபுரம்.

(தொடரும்)